திருத்தம்

எங்கள் செய்தித்தாளின் பெயர் மலைப்பூண்டு.
யாரும் வைத்த பெயரில்லை.
முதல் இதழுக்குக் கிடைத்த ஒரே விளம்பரம்
பூம்பாறைப் பூண்டு மண்டியுடையது.
அதைப் பெரிய எழுத்தில் உச்சியில் போட்டோம்.
விடுதிப் பெண்கள் அதையே பெயரென்று படித்தார்கள்.
இரண்டாம் இதழிலும் திருத்தவில்லை.

நான்கு பக்கம்.
மாதம் இருமுறை என்று அச்சிட்டிருக்கும், ஒருமுறை வரும்.
தட்டெழுதுவது நான்.
எங்கள் எந்திரத்தில் ழகர விசை கூராகி,
மழை என்று அடிக்கும்போதெல்லாம்
ஸ்டென்சிலில் ஓட்டை விழுந்தது.
கொடைக்கானலில் மழை என்று எழுதாமல்
எந்தச் செய்தியை எழுதுவது?

உருளையைச் சுற்றுவது நாகஜோதி,
வலக்கையால் நூறு, இடக்கையால் நூறு.
செய்தி சேகரிப்பது பர்வீன்.
ஒருமுறை உணவுக்கட்டணக் கணக்கைக் கூட்டி வெளியிட்டாள்.
கூட்டல் தப்பு.
ஆனாலும் மறுவாரமே கட்டணம் குறைந்தது.
அதற்கு மட்டும் திருத்தம் போடவில்லை.

மைதான் காயாது.
ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து
கட்டிலில் உட்காரும் ஊர்.
துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம்;
அருகில் காய்ந்த பர்வீனின் துப்பட்டாவில்
ஒரு தலையங்கம் வலமிடமாகப் பதிந்து
படிப்பு முடியும்வரை போகவில்லை.

பிறகுதான் கொதிகலன் கொட்டகை.
வெந்நீர் போடும் சவரியம்மாள்
ஈரத்தாள்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக் காயவைப்பார்.
புரட்டும்போதே படித்துவிடுவார்.
"மூணாம் பக்கத்துல காலை விட்டுட்டே" என்பார்,
போய்ப் பார்த்தால் துணைக்கால் இருக்காது.

ஒரு நவம்பரில் மூன்று நாள் வெந்நீர் இல்லை.
வத்தலக்குண்டிலிருந்து தொலைபேசி,
காற்றில் பாதி அறுந்த குரல்.
சவரி... தவறிட்டாங்க.
விடுதிக் காப்பாளருக்குக் கேட்டது அவ்வளவுதான்.

முதல் பக்கத்தில் கட்டம் கட்டினோம்.
அழுதுகொண்டே அடித்தேன், ஒரு ஓட்டையும் விழவில்லை.
கொதிகலன் ஆறிக் கிடந்ததால்
அந்த இதழ் ஈரத்தோடே போனது.

நான்காம் நாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.
மூஞ்சிக்கல் பேக்கரிக்காரர்
கையிலிருந்த டீயைக் கீழே விட்டாராம்.
எங்கள் அறை வாசலில் நின்று
இதழை விரித்து உரக்கப் படித்தார்:
"அன்னார் கோபமே அறியாதவர்."
யார் எழுதினது?
பர்வீன் கையைத் தூக்கினாள்.
"போன வாரம் உன்னத்தானடி வாளியால அடிக்க வந்தேன்."

நாங்கள் சிரித்துவிட்டோம்.
அவர் சிரிக்கவில்லை.
தாள்கட்டின்மேல் உட்கார்ந்து
முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"போனது என் தம்பி சவரிமுத்து.
லாரியில கிளீனர்.
ரேஷன் கார்டத் தவிர அவன் பேரு
ஒரு காகிதத்துலயும் வந்ததில்ல.
பாதிப் பேரு சரியாத்தான் போட்டிருக்கீங்க,
மீதிய மாத்துங்க.
அந்தக் கோப வரி இருக்கட்டும்.
அது அவனுக்குப் பொருந்தும்."

அன்றிரவே ஒற்றைத் தாள் அடித்தோம்.
ஐம்பது பிரதி அவரே எடுத்துக்கொண்டார்,
கல்லறைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க.

அதற்குப் பிறகு உருளையின் கைப்பிடி முறிந்தது.
பிறகு தேர்வு. பிறகு கணினி வந்தது,
அட்டையில் துணைவேந்தர் படத்தோடு செய்திமடல் வந்தது,
அதில் பிழை இல்லை, யாரும் படிக்கவுமில்லை.

நேற்று நாகஜோதி அழைத்தாள்.
இந்த முறை குரல் தெளிவாகவே கேட்டது.
முழுப் பெயரையும் சொன்னாள்.
நான் திரும்பவும் கேட்டேன்.

நூலகத்தில், அடித்தட்டில்,
பூசணம் பூத்த கோப்பின் கடைசித் தாள்:
சென்ற இதழில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்.
சவரியம்மாள் நலமாக இருக்கிறார்.
வெந்நீர் வழக்கம்போல் காலை ஐந்தரைக்கு.